நூற்றுப்பதின்மூன்றாம் கட்டு

பாளையங்கோட்டையில் ஏப்ரல்.
பள்ளிக்கூட ஹாலில் இருபது மேஜை,
மேஜைக்கு ஒருவர், ஆளுக்கு ஒரு கட்டு,
எல்லார் கையிலும் ஒரே விடைக்குறிப்பு.
எனக்குத் திருத்தத் தெரியாது.
வருகிற மதிப்பெண் தாளை வாங்கி
பேரேட்டில் அதனதன் வரியில் ஏற்றுவது என் சோலி.

யாரும் யாருக்கும் காத்திருப்பதில்லை.
இவர் கட்டில் இருப்பது
அவருக்குத் தெரிய வேண்டியதில்லை.
பியூலா டீச்சர் முடித்து
நூற்றுப்பதினாறை நீட்டும்போது
நூற்றுநாலு இன்னும்
நூல்கூடப் பிரியாமல் கிடக்கும்.
முந்தி வந்தது முந்தி உட்காராது என் ஏட்டில்.
இடையில் சில வரி வெள்ளையாய் விட்டிருப்பேன்,
பந்தியில் கை கழுவப் போனவன் இலை மாதிரி.

ஒருத்தர் திருத்தினால் இருபது நாள்,
இருபது பேர் திருத்தினால் ஒரு நாள்:
சுற்றறிக்கை அப்படித்தான் சொல்லுகிறது.
சுற்றறிக்கைக்கு ஸ்டேப்ளரைத் தெரியாது.
இருபது மேஜைக்கும் அது ஒன்றுதான்.
வைத்திருப்பவர் அடித்து முடிக்கும்வரை
மற்றவர்கள் சிவப்புப் பேனாவை
மூடி மூடித் திறக்கிறார்கள்.
"ஏ நயினாரு, இங்கன தாரும்வே."
"பொறும்வே, பின் தீர்ந்துட்டு."
மத்தியானம் ஒரு சார்வாள்
அதைப் பையோடு போட்டுக்கொண்டு
சாப்பிடப் போய்விட்டார்.
முக்கால்மணி நேரம்
திருத்திய தாளெல்லாம் காற்றில் படபடத்தன.

மூணே முக்காலுக்கு எல்லாம் வந்துவிட்டது,
நூற்றுப்பதின்மூன்றைத் தவிர.
ஏழாம் மேஜை. காந்திமதிநாதன் சார்.
வெளியே வேன்காரன் இரண்டு தரம் ஹாரன் அடித்தான்.
ஒரு வரி வெள்ளையாய் இருந்தால் தொகை போட முடியாது,
தொகை இல்லாமல் கையெழுத்து இல்லை,
கையெழுத்து இல்லாமல் யாருக்கும் வாசல் இல்லை.
பதினொரு மணிக்கே முடித்தவரும்
இவர் முடிக்கிற நேரத்தில்தான் முடிக்கிறார்.
பியூலா டீச்சரின் வள்ளியூர் பஸ் போய்விட்டது.

எழுந்து போய்ப் பார்த்தேன்.
கேள்வி: ஒரு கிணற்றை ஆறு பேர் பத்து நாளில் தோண்டுவர் எனில்
பன்னிரண்டு பேர் எத்தனை நாளில் தோண்டுவர்?
குறிப்பில் ஐந்து.
மாற்று முறையில் செய்தாலும் ஐந்து.
பிள்ளை எழுதியிருந்தது:

கிணற்றுக்குள் ஆறு பேர்தான் நிற்க முடியும்.
கூட ஆறு பேர் வந்தால் மேலே நிற்பார்கள்.
அவர்கள் மண்ணை வாங்கிக் கொட்டினால்
ஒருவேளை எட்டு நாள் ஆகும்.
எங்கள் பக்கம் ஆறடியில் சுக்கான்பாறை.
பாறை வந்தால் வெடிக்காரர் வரும்வரை
பன்னிரண்டு பேரும் சும்மா இருக்க வேண்டும்.

எந்தப் பக்கம், யார் பிள்ளை, தெரியாது.
பெயர் கிழித்து எண் ஒட்டிய தாள்.
சார் முதலில் சைபர் போட்டு அடித்திருந்தார்.
ஒன்று போட்டு, அதையும்.
"குறிப்புல இல்லையே சார்."
"குறிப்பு கெணத்துக்குள்ள எறங்குனதில்லவே."

தலைமைத் தேர்வாளர் வந்தார்.
இதை மட்டும் தனியே எடுத்து வைத்து
மீதியை அனுப்பலாமா என்று பார்த்தார்.
தனியே எடுத்தால் தாள் எண்ணிக்கை இடிக்கும்.
சைபர் போட்டால் யாரும் கேட்கப் போவதில்லை.
மின்விசிறி ஒன்று கரகரவென்று
ஒரே சுற்றைத் திரும்பத் திரும்பச் சுற்றிற்று.

கடைசியில் இரண்டு. பச்சை மையில் சுருக்கொப்பம்.
வெள்ளை வரியில் ஏற்றினேன்,
மேலிருந்து கீழே ஒரு தரம்,
கீழிருந்து மேலே ஒரு தரம் கூட்டினேன்.
இருபது நாற்காலியும் ஒரே சத்தமாய்ப் பின்னே நகர்ந்தன.

ஹாலுக்கு வாசல் ஒன்று. இரண்டு பேர் அகலம்.
வரிசையாகத்தான் போனார்கள்.

விளக்கணைக்க வந்தபோது
ஏழாம் மேஜையில் விடைக்குறிப்பு குப்புறக் கிடந்தது.
பின்பக்கம் சிவப்பில் ஒரு வட்டம்,
உள்ளே ஆறு புள்ளி, விளிம்பில் ஐந்து.
பன்னிரண்டாவது
கொஞ்சம் தள்ளி, தாளின் ஓரத்தில்,
வெடிக்காரர் வருகிறாரா என்று பார்க்கப் போயிருந்தது.